மாருதி 800 வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு

அரியூர், வில்லியனூர், திருபுவனை, மதகடிப்பட்டு, அந்தப் பக்கம் பாகூர் வரைக்கும் பழைய மாருதி 800 வாங்கி, டிங்கரிங் பார்த்து, பெயிண்ட் அடித்து, ஆசை ஆசையாக ஓட்டிக்கொண்டிருக்கும் எல்லாருக்கும்,

அரியூரில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் எழுதுகிறேன். உங்களில் பலருடைய வண்டிக்குக் கார்புரேட்டர் கழற்றிக் கழுவியவன் நான். சில வண்டிகளை உங்கள் அப்பா காலத்திலிருந்தே தெரியும். அவர் கடன் போட்டு வாங்கிய முதல் கார், கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் சாக்கு மூடிக் கிடந்தது, இன்று உங்கள் கையில் ஓடுகிறது. இங்கே மருத்துவம் படிக்க வந்து, செகண்ட்ஸில் ஒரு 800 பிடித்துக்கொண்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்த வண்டிமேல் உங்களுக்கு இருக்கும் பிரியத்தைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. அதனால்தான் மனசில் இருப்பதை மறைக்காமல் சொல்லிவிட நினைக்கிறேன்.

பட்டறையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "அந்தக் காலத்து வண்டிண்ணே, இரும்பு. இப்ப வர்றதெல்லாம் தகர டப்பா. கை வெச்சு அழுத்தினாலே உள்ள போவுது." இதைக் கேட்டும் சும்மா இருந்தால் தொழிலுக்குத் துரோகம். பழைய சின்ன கார் நல்ல கார்தான். ஆனால் அது எந்த ரோட்டுக்காகச் செய்யப்பட்டதோ அந்த ரோடு இப்போது நம் ஊரில் இல்லை.

யோசித்துப் பாருங்கள். புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் ரோடு இரண்டு வழியாக, தேசிய நெடுஞ்சாலை 45ஏ என்ற பேரில் இருந்த காலம். கரும்பு ஏற்றிய டிராக்டர் முன்னால் ஊர்ந்து போகும். அதன் பின்னால் டவுன் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் நாம். மதகடிப்பட்டில் செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை என்றால் ரோட்டில் பாதி மாடு. அதில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் போனாலே பெரிய விஷயம். அந்த ரோட்டுக்கு 800 அளவெடுத்துத் தைத்த சட்டை. இன்று அதே பாதை 332 என்ற புது எண்ணோடு நான்கு வழியாகிவிட்டது. நடுவில் தடுப்பு வைத்த நான்கு வழிச் சாலையில் காருக்கு 100 கிலோமீட்டர் வரை போகலாம் என்று 2018-ல் மத்திய அரசு உச்ச வேகத்தைக் கூட்டியது. வேகம் இரண்டு மடங்கானால் மோதும்போது வெளிப்படும் ஆற்றல் நான்கு மடங்காகும். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் எழுதிய கணக்குதான். 50-க்காகப் பிறந்த பாடியை 100-ல் ஓட்டும்போது, உங்கள் வண்டி வாங்க வேண்டிய அடியும் நான்கு மடங்கு.

அந்த வண்டி எப்படி வந்தது என்பதையும் கொஞ்சம் சொல்கிறேன். உங்கள் வயதுக்காரர்களுக்கு 800 என்றாலே பழைய வண்டி. என் வயதுக்காரர்களுக்கு அது புது வண்டி. அதற்கு முன்னால் நம்மிடம் இருந்தவை மூன்றுதான். உத்தரபாராவிலிருந்து அம்பாசிடர், பம்பாயிலிருந்து ஃபியட், நம்ம சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரிலிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

ஹெரால்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க மனசு வராது. 1961-ல் வந்தது. இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பேரில் ஓடிய வண்டி அது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கலாட்டி. அதன் பானட் தனியாகத் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பாதி முழுவதும் அப்படியே முன்பக்கமாகக் கவிழும். கவிழ்த்துவிட்டால் எஞ்சின், ஸ்டீயரிங் பாக்ஸ், முன் சஸ்பென்ஷன் எல்லாம் பந்தி இலையில் பரிமாறியது போல எதிரில் இருக்கும். மெக்கானிக் முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே பிளக் கழற்றலாம். 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பும். இன்றைய சின்ன கார்களே அந்த வட்டத்துக்குள் திரும்பாது. மெக்கானிக்கை மனசில் வைத்து ஒரு காரை வடிவமைத்தார்கள் என்றால் என் கணக்கில் அது ஹெரால்டுதான். அதற்கும் ஒரு குறை இருந்தது. வளைவில் வேகமாக ஒடித்தால் பின்சக்கரங்கள் உள்ளே மடங்கிக்கொள்ளும். மெதுவாகப் போகிற வரை வண்டி தங்கம், வேகம் எடுத்தால் பயம்.

1983 டிசம்பர் 14-ல் இந்திரா காந்தி முதல் மாருதியின் சாவியைக் கொடுத்தார். விலை 47,500 ரூபாய். மூன்று சிலிண்டர், 796 சிசி, முன்சக்கரம் இழுக்கும் வண்டி. அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் ஸ்டீயரிங்கை ஒட்டிய கை கியரைப் போட்டுப் பழகியவர்களுக்குத் தரையில் நிற்கும் அந்தச் சின்ன கியர் லீவரே புதுசு. 1986-ல் பாடி மாறியது. இன்று உங்களில் எல்லோருடைய கையிலும் இருப்பது அந்த இரண்டாவது உருவம்தான். 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. முப்பது வருஷம், இருபத்தைந்து லட்சத்துக்கும் மேலான வண்டிகள். இந்தியாவில் நடுத்தரக் குடும்பம் கார் வாங்கலாம் என்ற நினைப்பே அதோடுதான் வந்தது. அந்த மரியாதை அதற்கு எப்போதும் உண்டு.

இப்போது பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவோம். மாருதியின் இன்றைய சின்ன கார் ஆல்டோ கே10. 2022-ல் வந்த உருவம். 800-இன் நீளம் 3,335 மில்லிமீட்டர், கே10 3,530. அகலம் 1,440-க்கு எதிரே 1,490. இதெல்லாம் பெரிய வித்தியாசம் இல்லை. எடையைப் பார்த்தால்தான் ஆச்சரியம். 800 ஏறத்தாழ 650 கிலோ. கே10 அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். முப்பத்தைந்து வருஷம் கழித்து வந்த வண்டியில் ஏசி, பவர் ஸ்டீயரிங், ஏர்பேக், ஏபிஎஸ் எல்லாம் ஏற்றியும் எடை பெரிதாக ஏறவில்லை என்றால் என்ன அர்த்தம்? பாடிக்குப் போட்டிருக்கும் இரும்பு மாறிவிட்டது. மெல்லிய தகடுதான், ஆனால் அதிக வலு கொண்ட ஸ்டீல். எஞ்சின் 998 சிசி, 67 குதிரைச் சக்தி. 800-இன் கார்புரேட்டர் எஞ்சின் 37-தான் கொடுக்கும். லிட்டருக்கு 24 கிலோமீட்டர் என்பது அரசு சோதனையில் வந்த கணக்கு, ரோட்டில் அதைவிடக் குறையும், ஆனாலும் நன்றாக டியூன் செய்த உங்கள் வண்டியால் எட்டிப்பிடிக்க முடியாது.

"கை வெச்சு அழுத்தினா உள்ள போவுது" என்ற பேச்சுக்கு இப்போது வருகிறேன். நீங்கள் அழுத்திப் பார்ப்பது மட்கார்டையும் கதவின் வெளித்தகட்டையும். அது உயிர் காக்கும் பாகமே இல்லை, வெறும் போர்வை. உயிர் காப்பது உள்ளே இருக்கும் கூண்டு. மோதலில் முன்பாகம் மடங்கி, அடியை வாங்கிக்கொண்டு, மனுசன் உட்கார்ந்திருக்கும் கூண்டு மட்டும் மடங்காமல் நிற்க வேண்டும். பெலா பரேனி என்ற மெர்சிடஸ் என்ஜினியர் 1950-களின் தொடக்கத்திலேயே இதைக் கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கிவிட்டார். முன்பாகம் மடங்காத வண்டி பலமான வண்டி இல்லை, தம்பி. அது வாங்காத அடி எங்கேயும் போய்விடாது. உங்கள் நெஞ்சுக்கு வரும்.

நம்பிக்கை வராதவர்கள் செல்போனில் ஒரு வீடியோ தேடிப் பாருங்கள். 2009-ல் அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்புக்கான இன்சூரன்ஸ் நிறுவனம் 1959 மாடல் செவர்லே பெல் ஏரையும் 2009 மாடல் செவர்லே மாலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டது. இரண்டும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகம். பெல் ஏர் கனத்த இரும்பில் செய்த படகு மாதிரி வண்டி. பார்க்கிறவர்கள் எல்லாரும் அதுதான் ஜெயிக்கும் என்பார்கள். முடிவில் அதன் ஸ்டீயரிங் டிரைவர் பொம்மையின் மேல் ஏறியது, முன் கண்ணாடியைத் தாங்கும் தூண் மடங்கியது, டேஷ்போர்டு மடியில் வந்து விழுந்தது. நிஜ மனுசனாக இருந்தால் பிழைத்திருக்க மாட்டான். மாலிபுவில் இருந்த பொம்மைக்குக் காலில்தான் அடி. கதவைத் திறந்து இறங்கி வந்திருக்கலாம். எங்கள் பட்டறைப் பையன்களுக்கு அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். அதில் பெல் ஏரின் முன் தூண் மடங்கும் இடத்தில் நிறுத்தி, வெளியே நின்றிருந்த 800-இன் முன் தூணைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். இரண்டு விரலால் பிடித்துவிடலாம். பையன்கள் அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

நம் நாட்டில் விற்ற ஐந்து சின்ன கார்களை இடித்துப் பார்த்த முடிவை 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு வெளியிட்டது. ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. ஏர்பேக் இல்லாத அந்த ஐந்துக்கும் பூஜ்யம் நட்சத்திரம். நாடே அதிர்ந்தது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகச் சட்டம் வந்தது. 2019-லிருந்து ஏபிஎஸ் கட்டாயம். அதே வருஷம் டிரைவர் ஏர்பேக், பெல்ட் போடாவிட்டால் கத்தும் மணி, ரிவர்ஸ் சென்சார். 2023 அக்டோபரில் நம் நாட்டுக்கே பாரத் என்கேப் என்ற சோதனை வந்தது. 2014-ல் பூஜ்யம் வாங்கிய ஆல்டோ 800, உங்கள் 800-க்குப் பின்னால் வந்த தம்பி. அண்ணன் நிலைமை என்ன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்காகப் புதுசு எல்லாம் பத்திரம் என்று சொல்லவில்லை. நம் தமிழ்நாட்டில், இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் பிறந்த சான்ட்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். உயரமான கூரை, ஏறி இறங்க வசதி, பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் எஞ்சின். நம் பக்கத்தில் அது ஓடாத தெரு கிடையாது. இருபது வருஷம் கழித்து, 2018-ல் அதே பேரில் புது சான்ட்ரோ வந்தது. முதல் சான்ட்ரோ ஒன்றரை மீட்டர் அகலம். புதுசு அதைவிட அரை அடிக்குக் கொஞ்சம்தான் குறைவாக அகலம் கூடியிருந்தது. டச் ஸ்கிரீன், பின்சீட்டுக்கும் ஏசி எல்லாம் வந்தன. மோதிப் பார்த்தால் இரண்டு நட்சத்திரம். ஆல்டோ கே10 கூட, இரண்டு ஏர்பேக்தான் இருந்த 2023-ல் இரண்டு நட்சத்திரமே வாங்கியது. 2025-லிருந்து அதில் ஆறு ஏர்பேக். டாடா டியாகோ 2020-லேயே நான்கு வாங்கியது. கொஞ்சம் பணம் சேர்த்துப் புதுசு வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் பாட்டு எப்படிக் கேட்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் இந்த நட்சத்திரக் கணக்கைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதற்கு முன் 28 சதவீதமும் மேலே செஸ்ஸும் இருந்தது. பழைய வண்டிக்குத் திரும்பத் திரும்பக் கொட்டும் பணத்தை ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்தால் சிலருக்கு முடிவு தானாகவே தெரியும்.

பழசிடம் இருந்து, புதுசில் தொலைந்துபோனவையும் உண்டு. அவற்றில் முதலாவது சின்னத்தனம். உலகம் முழுக்க இதே கதைதான். 1959-ல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி 3.05 மீட்டர் நீளம். சூயஸ் நெருக்கடியில் பெட்ரோல் ரேஷன் வந்தபோது, நாலு பேர் உட்கார எவ்வளவு குறைந்த இடம் போதும் என்று யோசித்துச் செய்த வண்டி. இன்று அதே பேரில் வரும் மினி மூன்றே முக்கால் மீட்டரைத் தாண்டிவிட்டது. இத்தாலியின் ஃபியட் 500, 1957-ல் மூன்று மீட்டர்கூட இல்லை. 2007-ல் மறுபடி வந்தபோது மூன்றரை மீட்டர். கதவுக்குள் இரும்புக் கம்பி, சீட்டுக்குள் ஏர்பேக், முன்பாகம் மடங்க இடம் என்று உயிர் காக்கும் சாமான்களே பாதி இடத்தை எடுத்துக்கொள்கின்றன. மீதிப் பாதியை ஆடம்பரம் எடுத்துக்கொள்கிறது. அந்த இரண்டாவது பாதிமேல் எனக்குக் கோபம் உண்டு. வில்லியனூர் கோயில் வீதிகளில் தேங்காய்க் கடைக்கும் எதிரே நிற்கும் ஸ்கூட்டிக்கும் நடுவே ஒரு 800 புகுந்து போவதையும், அதே சந்தில் புது மாடல் வண்டி ஒன்று கண்ணாடியை மடக்கிக்கொண்டு திணறுவதையும் தினமும் பார்க்கிறோம். நம் ஊர் உள்தெருக்கள் ஒரு அடிகூட அகலமாகவில்லை. ஜப்பானில் 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலத்துக்குமேல் போகாத சின்ன காருக்கென்றே தனி வகை வைத்து வரிச்சலுகை கொடுக்கிறார்கள். நம் நாட்டில் நாலு மீட்டர் வரைக்கும் சின்ன கார் என்று கோடு போட்டதால், எல்லா கம்பெனியும் அந்தக் கோடுவரை வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது.

இரண்டாவது, பார்வை. கூண்டு பலமாக வேண்டும் என்று முன் தூணைத் தடியாக்கிவிட்டார்கள். 800-இல் உட்கார்ந்தால் நாலு பக்கமும் கண்ணாடிதான், சைக்கிளில் வரும் பெரியவர் தொலைவிலேயே தெரிவார். புது வண்டியில் முக்கூட்டில் திரும்பும்போது அந்தத் தூணுக்குப் பின்னால் ஒரு பைக்கே மறைந்துவிடும். பழசிலிருந்து புதுசுக்கு மாறுகிறவர்கள் இதை முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும். திரும்புவதற்கு முன் உடம்பை முன்னுக்கு ஒரு தடவை, பின்னுக்கு ஒரு தடவை அசைத்துத் தூணைத் தாண்டிப் பாருங்கள்.

மூன்றாவது எங்கள் பிழைப்பு. 800 நின்றுவிட்டால் பெட்ரோல் வருகிறதா, கரண்ட் வருகிறதா, இந்த இரண்டு கேள்விதான். பிளக்கைக் கழற்றி ஒயரோடு பாடியில் வைத்து சுத்தினால் நீலப்பொறி அடிக்கும். அடித்தால் கரண்ட் சரி. கார்புரேட்டர் மேல்மூடியைத் திறந்தால் ஜெட்டில் அடைப்பு கண்ணுக்குத் தெரியும். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் காதும் போதும், ஸ்லோ ஸ்பீடு வைத்துவிடலாம். எத்தனையோ பையன்கள் அந்த எஞ்சினில்தான் தொழில் கற்றார்கள். இன்றைய வண்டியில் டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரியும். என்ன கோளாறு என்று கேட்க ஸ்கேனர் வேண்டும். சில வண்டிகளில் சென்சாரை மாற்றினால் மட்டும் போதாது, கம்பெனி சாப்ட்வேரில் பதிவும் செய்ய வேண்டும். வண்டி உங்களுடையது, பூட்டு வேறு ஒருவருடையது. 2022-ல் மத்திய அரசின் நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. கார்களும் டிராக்டர்களும் அதில் உண்டு. அந்த உரிமை முழுச் சட்டமாக வர வேண்டும் என்று நம்மைப் போன்ற சின்னப் பட்டறைக்காரர்களும் வண்டி வைத்திருப்பவர்களும் சேர்ந்து கேட்க வேண்டும். புது வண்டி வாங்குவது தப்பில்லை. அதைத் திறந்து பார்க்கக்கூடாது என்பதுதான் தப்பு.

சரி, வண்டியை விற்றுவிடுங்கள் என்று சொல்ல இந்த மடல் இல்லை. வைத்திருங்கள். நன்றாக வைத்திருங்கள். எப்படி என்று சொல்கிறேன்.

உங்களில் பலர் முதலில் செலவு செய்வது அலாய் வீலுக்கும் ஸ்பீக்கருக்கும். முதல் ரூபாய் டயருக்குப் போகட்டும். டயர் பக்கவாட்டில் முட்டை வடிவத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 1416 என்றால் 2016-இல் 14-வது வாரம் செய்த டயர். கட்டை தேயாமல் புதுசு மாதிரி இருக்கலாம், ஆனால் ரப்பர் செத்திருக்கும். விரல் நகத்தால் பக்கவாட்டை அழுத்திப் பார்த்தால் மயிரிழை மாதிரி வெடிப்புத் தெரியும். ஷெட்டில் பல வருஷம் நின்ற வண்டியில் இந்த டயரோடு பைபாஸ் ஏறுவது தற்கொலை. 12 இன்ச் சக்கரத்தைக் கழற்றிப் பெரிய அலாய் போட்டால் ஸ்டீயரிங் கனக்கும், பேரிங் சீக்கிரம் போகும், பிரேக்கின் பிடியும் குறையும்.

இரண்டாவது ரூபாய் பிரேக்குக்கு. வீல் சிலிண்டர், ஹோஸ் பைப், பிரேக் ஆயில் எல்லாம் மாற்றுங்கள். ஏபிஎஸ் இல்லாத வண்டி இது. மழையில், கரும்புச் சோகையும் சேறும் கிடக்கும் ரோட்டில், பயந்து ஒரே மிதியாக மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டி சறுக்கும், ஸ்டீயரிங் கேட்காது. விட்டு விட்டு மிதிக்கப் பழகுங்கள், காலி மைதானத்தில் ஒரு நாள் பழகிப் பாருங்கள். மூன்றாவது ரூபாய் பெல்ட்டுக்கு. பழைய வண்டிகள் பலவற்றில் பின்சீட்டில் பெல்ட்டே கிடையாது. முன்சீட்டு பெல்ட்டும் நைந்துபோயிருக்கும். 1959-ல் வால்வோவில் நில்ஸ் போலின் செய்த மூன்று முனை பெல்ட்தான் இன்றுவரை காரில் உயிர் காக்கும் சாமான்களில் முதன்மையானது. உங்கள் வண்டியில் ஏர்பேக் வைக்க முடியாது. நல்ல பெல்ட் வைக்க முடியும். பாடியில் பிடிக்கும் இடத்தில் துரு இருக்கிறதா என்று முதலில் பார்த்து, துருவை வெட்டி எடுத்து, பட்டி வைத்து மூடாமல் நல்ல தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். பட்டிமேல் போல்ட் நிற்காது.

பெட்ரோல் விஷயமும் மாறிவிட்டது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. கரும்பு விளையும் நம் மண்ணுக்கு எத்தனால் நல்ல செய்திதான், விவசாயிக்கு ஒரு வழி திறக்கிறது. ஆனால் உங்கள் கார்புரேட்டர் வண்டி அதற்காகச் செய்யப்பட்டதல்ல. எத்தனாலில் பெட்ரோலைவிட ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய ரப்பர் ஹோஸையும், ஏசி பம்ப் என்று நாங்கள் சொல்லும் பெட்ரோல் பம்பின் டயாபிரத்தையும் அது அரிக்கும். தண்ணீரை இழுக்கும் குணம் வேறு. மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் டேங்க் உள்ளே துருப் பிடிக்கும். அதனால் எத்தனால் தாங்கும் ஹோஸ் போட்டுக்கொள்ளுங்கள், மெயின் ஜெட்டைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறையாவது ஓட்டுங்கள், டேங்கில் பெட்ரோல் பழசாக விடாதீர்கள். பெட்ரோல் வாசம் காருக்குள் வந்தால் அன்றே பட்டறைக்கு வாருங்கள். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஆர்சி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். 15 வருஷம் முடிந்தால் எப்சி பார்த்து ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025-லிருந்து கட்டணம் 10,000 ரூபாய். கஷ்டம்தான். ஆனால் ஆர்சி செல்லாத வண்டியில் யாரையாவது இடித்துவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கை விரிக்கும், வீட்டை விற்றுத்தான் பணம் கட்ட வேண்டியிருக்கும். "இது வின்டேஜ் வண்டி" என்று சிலர் சொல்லிக்கொள்கிறார்கள். 2021-ல் வந்த விதிப்படி 50 வருஷம் ஆனால்தான் வின்டேஜ். முதல் மாருதிக்கே அந்த வயசு 2033-ல்தான் வரும். அப்படிப் பதிவு செய்த வண்டியைத் தினசரி ஓட்டவும் கூடாது.

எங்கே ஓட்டலாம்? ஊசுடு ஏரிக் கரையோரம், திருக்காஞ்சி கோயில், பாகூர் ஏரி, சந்தைக்கு, ஸ்கூலுக்கு, பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்கு. 40, 50-ல் போகும் ரோட்டில் அது இன்னும் ராஜா. நான்கு வழியில் ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் பகலில், இடது ஓரமாக, 60-க்கு மேல் போகாமல், பெல்ட் போட்ட பெரியவர்கள் மட்டும். ராத்திரி வேண்டாம். மழையில் வேண்டாம். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு முன்சீட்டில் யாரும் உட்காரவே வேண்டாம். மோதலில் அந்தக் குழந்தைதான் பெரியவரின் ஏர்பேக் ஆகும். இதைவிடக் கொடுமையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. திருப்பதி, வேளாங்கண்ணி என்று குடும்பத்தோடு தொலைதூரம் போவதென்றால் பஸ், ரயில், இல்லாவிட்டால் நட்சத்திரம் வாங்கிய வண்டி ஒன்றை வாடகைக்கு எடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறையில் வேலை குறைவு. வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள். நாலு சக்கரத்தையும் கழற்றி டிரம்மைத் திறந்து, பெல்ட் போல்ட்டையும் ஹோஸையும் பார்த்துவிடலாம். பார்ப்பதற்குக் காசு வேண்டாம், மாற்றும் சாமானுக்கு மட்டும் கொடுத்தால் போதும். ஆர்சி புத்தகத்தையும் கையோடு கொண்டு வாருங்கள். அப்பா வண்டி என்றால் அவரையும் அழைத்து வாருங்கள், எந்த வருஷம் எதை மாற்றினார் என்று அவருக்குத்தான் தெரியும்.

அன்புடன்,
அரியூர் மெக்கானிக்